வரிசை நாற்பத்தொன்று

சுகர் லேண்ட், டெக்சஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள வெங்கிட்டு,

ஸலாம். நீயும் காமாக்ஷியும் நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகன் க்ரிஷ் வீட்டு மாடிப்படி உன்னை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை கூடிவிட்டது. ஷம்சாத் கேட்டால் வம்பு கூடிவிட்டது என்பாள்.

போன் பண்ணாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று யோசிப்பாய். போனில் எதை ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடம் நீ கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுகிறாய். காகிதத்திடம் அது நடக்காது. மேஜை மேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

விஷயம் மிஸ் லியோனாவைப் பற்றியது. அவர் பிறந்து வேலை பார்த்த ஹாலோவே கவுண்ட்டியில் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு நாளை அறிவிக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். தேதி ஏப்ரல் 17. வருஷம் தவறாமல் அவர் பயறு விதைத்த நாள். மனுவில் எழுதியது இதுதான்: லியோனா பிரூவிட், கறுப்பினத்தில் பிறந்த தாவர விஞ்ஞானி. முதுகலைப் பட்டம் இருந்தும் முப்பது வருஷம் பல்கலைக்கழகப் பண்ணையில் 'டெக்னீஷியன்' என்ற பெயரிலேயே வைக்கப்பட்டவர். மூன்று கோடை தண்ணீர் காட்டாமல் காய்த்த தட்டைப்பயறு இனத்தை, வரிசை நாற்பத்தொன்றை, உருவாக்கியவர்.

போன வாரம் கவுண்ட்டி ஆபீஸிலிருந்து பிரகடனத்தின் வரைவு வந்தது. அதில் அவரை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'அனைவரின் அன்புக்குரிய பண்ணை உதவியாளர்.' விஞ்ஞானி என்று ஏன் போடவில்லை என்று கேட்டேன். வரலாற்றுப் பிரிவுப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். அந்தப் பயறைப் பற்றி அச்சில் இருப்பது ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைதானாம். 1987. முதல் ஆசிரியர் எஸ். வெங்கடகிருஷ்ணன், இரண்டாவது எம். குத்புதீன். லியோனா பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் இருக்கிறதாம்.

மிஸ் லியோனாவின் மகள் டெனிஸிடம் வரைவைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உதவியாளர்னு போட்டு ஒரு நாள் கொடுக்கிறதா இருந்தா அந்த நாளே வேண்டாம். அம்மா அந்த வார்த்தையோட முப்பது வருஷம் வாழ்ந்தது போதும்" என்றார்.

ஏப்ரல் 8 காலை பத்து மணிக்குக் கவுண்ட்டி சபை கூடி முடிவெடுக்கிறது. அதற்குள் சான்று வேண்டும். உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, அந்த வேலை அவருடையது என்று நீ கையெழுத்திட்டு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். இரண்டாவது, அவருடைய பழுப்பு அட்டை நோட்டு. எந்தப் பூவை எதோடு சேர்த்தார், எந்தத் தேதியில் குழாயை மூடினார் என்று எல்லாமே அவர் கையெழுத்தில் அதில் இருக்கிறது. கட்டுரை எழுத உன்னிடம்தான் கொடுத்தார்.

காமாக்ஷிக்கு என் விசாரிப்பு. பேத்தி அனன்யாவுக்கு ஷம்சாத்தின் முத்தம்.

உன்
குத்பு


பிளசன்டன், கலிபோர்னியா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள குத்பு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரமாகிவிட்டது. தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாமா? இந்த மாதம் பிசியோதெரபி. சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும், என்னைக் குழந்தை போல அதட்டுகிறாள். காமாக்ஷி பக்கத்தில் நின்று ரசிக்கிறாள்.

நீ எடுத்திருக்கும் காரியம் நல்ல காரியம். மிஸ் லியோனாவை நான் மறப்பேனா? ஆனால் குத்பு, கொஞ்சம் நிதானமாக யோசி. நாமும் அவரை மறைத்துவிடவில்லையே. நன்றியுரையில் அவரை எந்த உயரத்தில் வைத்து எழுதினோம் என்று உனக்குத் தெரியும். அதைப் பத்திரிகைக்காரன் வெட்டியதற்கு நாம் என்ன செய்ய முடியும்? இத்தனை வருஷம் கழித்து ஆசிரியர் வரிசையைக் கிளறினால், தப்பே செய்யாதவர்கள் தப்பு செய்ததாக ஆகிவிடும்.

உன்னிடம் சொல்லவேண்டிய இன்னொரு விஷயம். அக்டோபரில் பயிர் விஞ்ஞானிகள் சங்கத்தில் எனக்கு வாழ்நாள் விருது தருகிறார்கள். க்ரிஷ் ஆபீஸில் எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. அனன்யா பள்ளியில் 'என் தாத்தாவின் பயறு' என்று ஒரு ப்ராஜெக்ட் செய்கிறாள். இந்த நேரத்தில் இது வேண்டுமா?

நோட்டு விஷயம். நாங்கள் ரிச்சர்ட்சனிலிருந்து இங்கே வீடு மாறியபோது நிறையப் பெட்டிகள் போய்விட்டன. அதோடு போயிருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

அவர் பெயரில் பண்ணையில் ஒரு பெஞ்ச் போடலாம், ஒரு மரம் நடலாம். என்னால் ஆனதைச் செய்கிறேன். அதுவும் மரியாதைதானே?

ஷம்சாத்துக்கு எங்கள் அன்பு. இனிப்பைக் குறைத்துக்கொள்.

அன்புடன்
வெங்கிட்டு


சுகர் லேண்ட்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள வெங்கிட்டு,

இனிப்பைக் குறைத்துவிட்டேன். உன் கடிதத்தில் இருந்த இனிப்பு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

பெஞ்ச் வேண்டாம். அவர் வாழ்நாளில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடியும்போது வயலில் நிற்பார். ஊசியால் பூமொட்டைப் பிரித்து, மகரந்தத்தைத் தடவி, காம்பில் அட்டை கட்டுவார். நாம் இருவரும் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த பெரிய படிப்பாளிகள், பின்னாலேயே போய்க் காய் எண்ணினோம். நாற்பத்தொன்றாம் வரிசைக்கு மட்டும் தண்ணீர் விடாதே என்று மூன்று கோடை குழாயை மூடியவர் அவர். மேலே இருந்தவர்கள் திறக்கச் சொன்னபோதும் மூடினார். நாம் ஓரமாக நின்று பார்த்தோம்.

இப்போது நன்றியுரைக்கு வருகிறேன். அதை எழுதியவன் நான். மறைக்கவில்லை. நம் ஊரில் ஆசிரியர் பெயரை நம் பெயருக்குப் பக்கத்தில் எழுத மாட்டோம். தனிப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பாதங்களில் சமர்ப்பிப்போம். அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்: 'இந்தப் பயிரின் தாயும் எங்கள் ஆசானுமாகிய மிஸ் லியோனா பிரூவிட்டின் பாதங்களில் இச்சிறு முயற்சியைச் சமர்ப்பிக்கிறோம்.' நீ படித்துவிட்டுக் கண் கலங்கினாய். அவ்வளவு பெரிய மரியாதை செய்துவிட்டதாக இருவருக்கும் நினைப்பு.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டியதும் நான்தான். உனக்கு இதைச் சொன்னதில்லை. கொட்டகை வாசலில் நின்று மூன்று பக்கமும் படித்தார். "வாக்கியம் அழகா இருக்கு, குத்பு. ஆனா நான் எங்கே இருக்கேன்?" என்றார்.

எங்கள் ஊரில் பெரியவர்களை எங்களோடு ஒரே வரிசையில் நிறுத்த மாட்டோம் என்று பெருமையாக விளக்கினேன்.

"எங்க ஊர்ல அந்த வரிசையில நிக்கிறதுக்குத்தான் எங்க ஆளுங்க அடி வாங்கினாங்க" என்றார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் திருத்தவில்லை. கட்டுரை போய்விட்டது. அச்சில் வந்தபோது சமர்ப்பணமும் இல்லை, பாதமும் இல்லை. 'களப்பணியில் உதவிய எல். பிரூவிட்டுக்கு நன்றி' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. திருத்தம் கேட்டு எழுதலாம் என்றேன். கிரீன் கார்டு வரட்டும் என்றாய். வந்தது. பிரமோஷன் வரட்டும் என்றாய். அதுவும் வந்தது. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். 2009இல் அவர் போய்விட்டார். சாவுக்குக்கூட நாம் போகவில்லை.

வாக்கியம் எழுதியது தெரியாமல் செய்த தப்பு. மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஏப்ரல் 8 அன்று சபையில் நான் நிற்பேன். நான் படிக்கப்போவதன் பிரதி இதோடு இருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது, உன் பெயரும் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று நீ சொல்லக்கூடாது.

நோட்டைத் தேடு. 1984ஆம் வருஷத்து பஸ் டிக்கெட்டைக்கூட வைத்திருப்பவன் நீ.

உன்
குத்பு


பிளசன்டன்
9 மார்ச் 2025

குத்புதீனுக்கு,

பிரதியைப் படித்தேன்.

நாற்பது வருஷ சிநேகிதத்துக்கு நல்ல கைம்மாறு. அந்த வாக்கியத்தை எழுதியவன் நீ. அவரிடம் காட்டியவன் நீ. அவர் கேட்டதை முப்பத்தெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தவனும் நீ. இப்போது உனக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காக என் பெயரை ஒரு கூட்டத்தில் படிக்கப் போகிறாய். உனக்கு இழக்க ஒன்றும் இல்லை. நீ தொண்ணூற்றிரண்டிலேயே இந்தத் துறையை விட்டுவிட்டு எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டாய். நான் இதிலேயே இருந்தேன். என் பெயர் இந்த ஒரு பயறின் மேல் நிற்கிறது.

என் பேத்தியிடம் நான் என்ன சொல்லட்டும்? அதையும் எழுதி அனுப்பு.

இனி இது பற்றி எனக்கு எழுதாதே.

வெங்கடகிருஷ்ணன்


சுகர் லேண்ட்
25 மார்ச் 2025

அன்புள்ள வெங்கிட்டு,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு இழக்க ஒன்றுமில்லை. அதனால்தான் நான் சொல்வதற்கு எடையும் இல்லை. நேற்று வரலாற்றுப் பிரிவில் அதையே சொன்னார்கள். இரண்டாவது ஆசிரியரின் ஞாபகம் மட்டும் போதாது, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் உதவியாளர் என்ற சொல் அப்படியே நிற்கும். டெனிஸ் மனுவை வாபஸ் வாங்கிவிடுவார்.

ஷம்சாத் கோபத்தில் இருக்கிறாள், உன் மேல் இல்லை, என் மேல்தான். "ஃப்ரெண்டும் போயி, அந்த அம்மாவுக்கு நாளும் கெடைக்காம போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆனால் போவேன். தோற்றாலும் அந்தக் கூட்டத்தின் பதிவேட்டில் நான் சொன்னது இருக்கும். நாளைக்கு யாராவது தேடினால் கிடைக்கும்.

பேத்தியிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. பர்வினிடம் போன வாரம் நான் சொன்னேன். என் மகள் கேட்டு முடித்து, காலண்டரில் ஏப்ரல் 8ஐப் பார்த்தாள். பிறகு, "வாப்பா, நான் டிரைவ் பண்றேன், நீங்க ஸ்பீச்சைப் படிச்சுட்டே வாங்க" என்றாள். லீவு அப்ளை பண்ணிவிட்டாள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

என்றும்
குத்பு


சுகர் லேண்ட்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள வெங்கிட்டு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இரண்டு மணி நேரம் ஃப்ரீவேயில் வந்தோம். பர்வின் ஓட்டினாள். நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தேன், ஷம்சாத் பின்சீட்டிலிருந்து திருத்திக்கொண்டு வந்தாள். டெனிஸ் தன் சர்ச் ஆட்கள் பதினைந்து பேரோடு முன்வரிசையில் இருந்தார். எல்லோருக்கும் தலையில் தொப்பி, முகத்தில் சிரிப்பில்லை. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பு கிளார்க் எழுந்து, "நேத்து மதியம் கலிபோர்னியாவிலிருந்து கூரியரில் ஒரு பார்சல் வந்திருக்கு. கூடவே கையெழுத்திட்ட வாக்குமூலமும் இருக்கு" என்றாள். உறையிலிருந்து பழுப்பு அட்டை நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வெங்கிட்டு, நான் எழுந்து நின்றுவிட்டேன். ஷம்சாத் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நீ எழுதியதை அவள் படித்தாள். 'கலப்பினம் செய்தவர், தேர்ந்தெடுத்தவர், மூன்று கோடை வறட்சிச் சோதனையை நடத்தியவர் லியோனா பிரூவிட். நான் காய்களை எண்ணினேன். இது 1987இல் எனக்குத் தெரியும். அதற்குப் பின் ஒவ்வொரு வருஷமும் தெரியும்.' அடுத்த வரியில், அவர் பெயரை நன்றியுரையில் வைத்தது உன் யோசனை என்று எழுதியிருந்தாய்.

என் முறை வந்தது. தயார் செய்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "இப்போ படிச்சதுல ஒரு தப்பு இருக்கு. அந்த யோசனை என்னுடையது" என்று ஆரம்பித்தேன். அவர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். மூன்று நிமிடத்தில் அரை நிமிடம் மிச்சமிருந்தது.

வெளியே வந்ததும் ஷம்சாத் சொன்னாள்: "பழியை வாங்கிக்கிறதுக்கு ரெண்டு பேரும் இப்ப போட்டி போடுறீங்க. இதை தொண்ணூறுலயே பண்ணியிருந்தா அந்த அம்மா பார்த்திருப்பாங்கல்ல?"

சபை ஒருமனதாக ஓட்டுப் போட்டது. ஏப்ரல் 17, 'தாவர விஞ்ஞானி லியோனா பிரூவிட் நாள்.' உதவியாளர் என்ற சொல்லை அடித்துவிட்டார்கள்.

டெனிஸ் என்னிடம் வந்தார். "லேட்டா வந்ததுக்கு நன்றி சொல்ற வழக்கம் எங்க வீட்ல இல்ல. ஆனா வந்தீங்க. அதை நான் பார்த்தேன்" என்றார். பிறகு அங்கேயே நின்று நோட்டைப் புரட்டினார். அம்மாவின் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அதைப் படித்துவிட்டு, மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அது உங்க ஃப்ரெண்டுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உள்ளது. அவர்கிட்ட கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடு. டெனிஸ் பழைய பண்ணை விதையில் இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஒன்று உனக்கு, இதோடு வைத்திருக்கிறேன்.

நீ என்னைத் திட்டி எழுதியதை நான் மறந்துவிட்டேன். நான் உன்னைக் கட்டாயப்படுத்தியதை நீ மறக்கவேண்டாம், மன்னித்தால் போதும்.

உன்
குத்பு


பிளசன்டன்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள குத்பு,

மன்னிப்பதற்கு நான் யார்? விதை வந்தது. பதினேழாம் தேதி காலை கொல்லைப்புறத்தில் குனிந்து, விதைக்கும் முன் மண்ணின் சூட்டைப் பார்க்க மிஸ் லியோனா செய்வது போல உள்ளங்கையை மண்ணில் வைத்து இருபது எண்ணினேன். அனன்யா பக்கத்தில் உட்கார்ந்து கூடவே எண்ணினாள். பதினைந்திலேயே மணிக்கட்டில் குளிர் ஏறிவிட்டது. டெக்சஸ் மண் சூடாகிவிட்டால் கலிபோர்னியா மண்ணும் சூடாகிவிடுமா என்ன. இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டு தொலைந்துவிட்டது என்று எழுதினேனே, அது பொய். கராஜில், டாக்ஸ் பேப்பர் பெட்டிக்கு அடியில் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. உன் இரண்டாவது கடிதத்துக்கு மறுநாளே எடுத்துப் பார்த்தேன். பார்த்த கோபத்தில்தான் உனக்கு அப்படி எழுதினேன். கோபம் யார் மேல் என்று இப்போது தெரிகிறது.

மார்ச் கடைசியில் அனன்யா ப்ராஜெக்டுக்கு ஏதாவது பழைய பொருள் கேட்டாள். காமாக்ஷி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த நோட்டைக் குடுங்கோளேன். உங்க பயறுதானே?" என்றாள். அவளுக்கு இவ்வளவு வருஷமும் தெரிந்திருக்கிறது. குழந்தை நோட்டைத் திறந்தவுடனே, "தாத்தா, திஸ் இஸ் நாட் யுவர் ஹாண்ட்ரைட்டிங்" என்றாள். ஆமாம் என்றேன். யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. இப்போது ப்ராஜெக்டின் தலைப்பை மாற்றிவிட்டாள். அதில் நான் 'காய் எண்ணியவர்' என்று வருகிறேன்.

விருது வேண்டாமென்று சங்கத்துக்கு எழுதிவிட்டேன். பத்திரிகைக்கும் எழுதினேன். திருத்தம் போடுவார்களாம். பிரூவிட், வெங்கடகிருஷ்ணன், குத்புதீன் என்ற வரிசையில் வரும். நான் எங்கே இருக்கேன் என்று உன்னிடம் கேட்டாரே, அதற்கு இனி ஒரு பதில் இருக்கிறது. கேட்டவர்தான் இல்லை. க்ரிஷ் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அப்பா, யாரு கேட்டா இதை?" என்றான். கேட்டவர்களை நான் காக்கவைத்த கதை அவனுக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்வேன்.

இனி கடைசிப் பக்கம். பென்சிலில் மூன்று வரி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெட்டியைத் தள்ளி எடுத்துப் படிப்பேன், மறுபடி வைத்துவிடுவேன். அனுப்பினால் அதை யாராவது படித்துவிடுவார்களே என்றுதான் அனுப்பவே இல்லை.

'ஜூன் 3, 1987. நோட்டை வெங்கட்டிடம் கொடுத்தேன், கட்டுரைக்காக. நல்ல பையன். திருப்பிக் கொண்டுவருவான்.'

மழை வரும் என்று அவர் எழுதிய நாளில் மழை வந்தது. காய்க்காது என்று எழுதிய செடி காய்க்கவில்லை. அந்த நோட்டில் அவர் எழுதிய எதுவும் தவறியதில்லை, இந்த ஒரு வரியைத் தவிர. முப்பத்தெட்டு வருஷம் நான்தான் அதைப் பொய்யாக வைத்திருந்தேன்.

கூரியரில் அனுப்பிவிட்டதோடு முடிந்தது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அனுப்புவான் என்று அவர் எழுதவில்லை. கொண்டுவருவான் என்றுதான் எழுதியிருக்கிறார். டெனிஸிடம் கேட்டு அந்த நோட்டை ஒரு நாள் மட்டும் உன் வீட்டில் வாங்கி வை. மே ஒன்பதாம் தேதி காலை ஹூஸ்டனில் இறங்குகிறேன். பர்வின் ஓட்டட்டும், நீ ஓட்டாதே. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அவர் மகள் வீட்டுக் கதவை நானே தட்ட வேண்டும்.

உன்
வெங்கிட்டு